வெளி ரத்தம்

என் மனைவியின் புற்று என் கையில் வேர் பிடித்தது.

இடது முழங்கைக்குக் கீழே, தோலுக்கு அடியில், துவரம்பருப்பு அளவில் ஒரு துண்டு வைத்திருந்தார்கள். கை வீங்கும், காய்ச்சல் வரும், பிறகு துண்டு கரைந்துபோகும் என்றார்கள். வீங்கவில்லை. காய்ச்சல் வரவில்லை. எனக்குப் பசித்தது. தூக்கம் வந்தது. துண்டு மொச்சைக்கொட்டை அளவு ஆனது.

டாக்டர் ஷாஹிதா அதை விரலால் அழுத்திப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீங்க இவங்க கணவர்தானே?"

"ஆமாங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி?"

"மாமன் பொண்ணுங்க. எங்கம்மாவோட தம்பி மகள்."

"உங்க அப்பா அம்மா?"

"அவங்களும் சொந்தந்தான்."

படுக்கையிலிருந்து கவிநயா சிரித்தாள். "எங்கப்பாவும் அத்தை பொண்ணத்தான் கட்டுனாரு டாக்டர். எங்க வீட்டு ஆல்பத்தப் பாருங்க, எல்லாருக்கும் ஒரே மூக்கு."

"ரத்த சொந்தமான்னு கேட்டப்ப ரெண்டு பேரும் இல்லன்னு சொன்னீங்களே!"

"கட்டிக்கிற முறைங்க," என்றேன். "பங்காளிங்களத்தான் நாங்க ரத்த சொந்தம்போம்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். கோபப்பட நினைத்து, களைப்பில் விட்டுவிட்டவர் மாதிரி இருந்தது.

"முறை உங்க ஊருக்கு. உடம்புக்கு அது தெரியாது. கவிநயாவோட கணையத்துல இருக்கிற கட்டிய கவிநயா உடம்பு தன்னோடதுன்னு நெனச்சு விட்டு வெச்சிருக்கு. அதையே வேத்து மனுஷன் உடம்புல வெச்சா, யாருடா நீன்னு அடிக்கும். அடிக்கக் கத்துக்கிட்ட செல்லை எடுத்து, கட்டிய மட்டும் அடிக்கிற மாதிரி வடிகட்டி, இவங்களுக்கு ஏத்துவோம். இதுல வைத்தியமே அந்த வேத்து மனுஷன்தான். உங்க உடம்பு இவங்க கட்டியப் பாத்துட்டு, வா உக்காருன்னு சொல்லியிருக்கு."

"சாப்பிட்டியான்னு கேட்டிருக்கும்," என்றாள் கவிநயா.

அன்று மாலையே என் கையிலிருந்து அதை வெட்டி எடுத்தார்கள். சுற்றியிருந்த சதையையும் சேர்த்து.

கட்டியை இப்படி உடம்பில் தாங்குபவர் நோயாளியின் குடும்பத்தில் ஒருவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஏழைகள் கையை வாடகைக்கு விட்ட காலம் ஒன்று இருந்தது. அதைத் தடுக்க வந்த சட்டம் அது. பிறந்த சொந்தமோ, கட்டி வந்த சொந்தமோ, யாராவது ஒருவர்.

"வெளியிலிருந்து உங்க குடும்பத்துக்குக் கட்டி வந்தவங்க யாராவது?" என்று டாக்டர் மாமாவிடம் கேட்டார்.

மாமா சென்னியப்பன் பல்லடம் பக்கம் நூற்பாலை வைத்திருப்பவர். ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் அவர் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. அதை அன்று மெதுவாகச் சொன்னார்.

"நாலு தலைமுறையா வெளிய குடுத்ததும் இல்லீங்க, எடுத்ததும் இல்லீங்க."

மாமாவின் தலை மெல்லத் திரும்பியது. சுவரோரம் செல்போனோடு நின்றிருந்த தருண்மீது நின்றது. கவிநயாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவன்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க?" என்றான் தருண்.

காரில் திரும்பும்போது மாமா எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தார். அவருடைய நண்பரின் மில் விடுதியில் ஒடிசாப் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள்.

"பக்கத்துத் தெருவுல இருந்தாக்கூடப் போதும்னு டாக்டரம்மா சொன்னாங்களே மாமா," என்றேன்.

"பக்கத்துத் தெருன்னா என்ன சாதின்னு தெரிஞ்சிருமே மாப்ள."

"ஒடிசான்னா?"

"வடக்கத்திப் புள்ள. அதுக்கு மேல ஊர்ல ஒருத்தனும் கேக்கமாட்டான்."

பின் இருக்கையில் தருண் சொன்னான். "எனக்குப் புடிக்குதான்னு ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?"

"உன்ற அக்கா சாகக் கெடக்கறா. உனக்குப் புடிக்கறதப் பொறவு பாக்கலாம்."

மினதி கோராபுட் பக்கத்து மலைக்காரி. நூல் சுற்றும் இயந்திரத்தில் வேலை. தாலி கட்டும்போது எல்லோரையும் நிமிர்ந்தே பார்த்தாள். அத்தை வசந்தாமணி அவள் தலையை மெல்ல அழுத்திக் குனிய வைத்தார். அத்தைக்குக் குறை ஒன்றும் இல்லை. பெண்ணின் கை திடமாக இருந்தது.

மருத்துவமனையில் டாக்டர் எங்களை வெளியே அனுப்பப் பார்த்தார். மினதி, "இருக்கட்டும்" என்றாள். திரையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒடியாவில் விளக்கினார். மினதி தமிழில் பதில் சொன்னாள்.

"தெரியும். கையில வெப்பாங்க. காய்ச்ச வரும்."

"உங்களுக்குச் சம்மதமா?"

"கல்யாணம் முடிஞ்சுது. இப்ப கேக்கறீங்க."

"இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம். நான் வைக்கமாட்டேன்."

மினதி கவிநயாவைப் பார்த்தாள். கவிநயாவின் கண்கள் அப்போது மஞ்சள் பூத்திருந்தன.

"இந்த அக்கா செத்துப்போவாங்களா?"

"ஆமா."

"வைங்க," என்றாள்.

கை வாழைத்தண்டு போல வீங்கியது. காய்ச்சலில் தன் மொழியில் யாரையோ கூப்பிட்டபடி இருந்தாள். டாக்டர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார். செய்தி வீட்டுக்குப் போனது. அத்தை கச்சாயம் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார். மருமகளுக்குக் காய்ச்சல் கண்டதற்கு இனிப்புக் கொடுத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவள் உடம்பு கற்றுக்கொண்டதைக் கவிநயாவின் உடம்பில் ஏற்றினார்கள். கண்ணிலிருந்து மஞ்சள் இறங்கியது. ஒரு நாள் காலை கவிநயா அரிசிம்பருப்புச் சோறு கேட்டாள். நெய் ஊற்றித் தின்றாள். இன்னும் கேட்டாள். அத்தை சமையலறையில் போய் அழுதார்.

அந்தச் செல்கள் நிரந்தரம் அல்ல. சில மாதத்தில் ஓய்ந்துவிடும். கட்டி திரும்பத் தலைகாட்டும். திரும்ப மினதியின் கையில் வைக்க வேண்டும். இடது கையில் இடம் தீர்ந்து வலது கைக்கு வந்தார்கள். பிறகு தொடை. வைத்த இடமெல்லாம் அம்மி கொத்தியது போலக் குழி விழுந்தது.

வைத்தியத்துக்காகக் கவிநயாவும் நானும் மாமா வீட்டிலேயே இருந்தோம். இரண்டு பெண்களும் ஒட்டிக்கொண்டார்கள். கவிநயா அவளுக்கு எங்கள் பக்கத்து வசவுகளைச் சொல்லிக் கொடுத்தாள். மினதி அவற்றை மாமா இல்லாத நேரத்தில் மாமாவின் நாற்காலியைப் பார்த்துச் சொல்லிப் பழகினாள்.

"அக்கா, நேத்து என் கையில உங்கள அடிச்சே கொன்னுட்டேன்."

"வலிச்சுதாடி?"

"எனக்கா, உங்களுக்கா?"

இருவரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். நான் அடுத்த அறையில் இருப்பேன். அந்தச் சத்தம் போதும் என்று இருந்தது. அதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.

முதல் முறையே டாக்டர் ஒன்றைச் சொல்லியிருந்தார். மினதியையும் தருணையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். அத்தை கதவருகே நின்று கேட்டார்.

"குழந்தை வேணும்னா எங்கிட்ட முதல்ல சொல்லுங்க. வயித்துல வர்ற குழந்தையில பாதி இந்த வீட்டு ரத்தம். அதைப் பத்து மாசம் வெச்சுக் காப்பாத்தணும்னா, அதை வேத்தாளா நினைக்காம இருக்கத் தாயோட உடம்பு கத்துக்கணும். கத்துக்கிட்டா, இந்த வீட்டுக் கட்டியையும் அது அடிக்காம விட்டுடலாம். பெத்துக்கிறதும் வேண்டாங்கிறதும் உங்க இஷ்டம். எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

அத்தைக்குக் கடைசி இரண்டு வாக்கியங்கள் காதில் விழவில்லை. அன்றிலிருந்து மாலையில் ஒரு டம்ளர் பாலும் ஒரு மாத்திரையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். விழுங்கும்வரை நின்றார். வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

கோயிலில் யாராவது, "மருமகளுக்கு விசேசம் ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்பார்கள்.

"சின்னஞ்சிறுசுக. இருந்துட்டுப் போகட்டும்," என்பார் அத்தை. எந்த மாமியாரும் இவ்வளவு பெருந்தன்மையாக இருந்ததில்லை என்று ஊர் சொன்னது.

பால் நிறுத்தப்படவே இல்லை. ஆனாலும் மினதி உண்டானாள். மாத்திரையை எப்படி ஏய்த்தாள், ஏய்த்தாளா, அதுவே தவறியதா என்று எனக்குத் தெரியாது. தருண்தான் சாப்பாட்டு மேசையில் சொன்னான். தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

மாமா சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கவிக்குப் போன வாரம் ஸ்கேன்ல மறுபடியும் தெரியுது. உனக்கு அது தெரியுமா?"

"தெரியுங்கப்பா."

"தெரிஞ்சுதான் பண்ணுனியா?"

"நான் ஒரு மனுசன்தானுங்களே," என்றான் தருண். "அவளும் ஒரு மனுசிதானுங்களே."

மினதி இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்திருந்தாள்.

மாமா கோபமாகப் பேசவே இல்லை. அக்கா இருந்தால் அடுத்த வருடம் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், அக்கா போனால் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டார். பதில் இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம்.

ஆனாலும் மினதி அசையவில்லை. இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் கவிநயாவே சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் அறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன், விழுந்துவிடுவாள் என்று.

கட்டிலில் உட்கார்ந்து மினதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். குழிகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். அவள் விட்டுக்கொடுத்துவிடுவாள், பெற்றுக்கொள் என்று சொல்லப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அதைக் கேட்கப் பயமாக இருந்தது.

"மினு, எனக்கு இருக்கணும்டி," என்றாள் கவிநயா. "என்ன பண்றது, எனக்கு இருக்கணும்."

மினதி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடுத்த வருசம் பெத்துக்கோ. நானே தூக்கி வளர்க்கறேன்."

"அடுத்த வருசமும் அக்கா கேப்பீங்க."

கவிநயா மறுக்கவில்லை. கையையும் விடவில்லை. கடைசியில் மினதி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, நீங்க வண்டி எடுங்க. அவரு வேண்டாம்."

கோயமுத்தூரில் டாக்டர் ஷாஹிதாவிடம் போகவில்லை. "அந்தம்மா திட்டும். இது வீட்டு விசயம், வீட்டோட முடியட்டும்," என்றார் அத்தை. திருப்பூரில் ஒரு சின்ன கிளினிக் சொன்னார். நான் ஓட்டினேன். பிரிட்ஜ் ஏறும்போது மினதி கேட்டாள்.

"உங்க கையில அக்கா கட்டி வளந்துச்சுல்ல. எடுக்கறப்ப என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல."

"எனக்கும் அப்படியே இருக்கும்ல?"

"இருக்கும்," என்றேன்.

திரும்பி வரும்போது வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். குடித்தாள்.

உடம்பு தேறியதும் கோயமுத்தூருக்கு அழைத்துப் போய்க் கையில் துண்டு வைத்தோம். டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். அத்தை முந்திக்கொண்டு, "எல்லாம் எப்பவும் போலத்தானுங்க," என்றார். மினதி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை வீங்கவில்லை.

அத்தை தினமும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சலுக்காகப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டார். கை குளிர்ந்திருந்தது. மினதி நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். எனக்கு அது ஞாபகம் இருந்தது. நான்தான் முதலில் புரிந்துகொண்டேன். சொல்லவில்லை.

டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார். மொச்சைக்கொட்டை.

"எப்ப கர்ப்பமா இருந்தாங்க?"

அத்தை அழத் தொடங்கினார். மாமா சொன்னார். "எடுத்தாச்சுங்க டாக்டர். சுத்தமா எடுத்தாச்சு. அதுக்குப் பொறவுதான் கூட்டிட்டு வந்தோம்."

"கர்ப்பத்த எடுக்கலாம்," என்றார் டாக்டர் ஷாஹிதா. "உடம்பு கத்துக்கிட்டத எடுக்க முடியாது. இவங்க உடம்புக்கு இப்ப உங்க வீடு வேத்து வீடு இல்ல."

"எத்தன நாள்ல மறக்குங்க?"

"மறக்காது."

மாமா நின்றுகொண்டே இருந்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"எங்கிட்ட முதல்லயே வந்திருந்தா, இது இனி ஆகாதுன்னு அன்னைக்கே சொல்லியிருப்பேன். வேற யாரையாவது தேடியிருக்கலாம். தேட அப்ப நாள் இருந்தது. குழந்தையாவது இருந்திருக்கும்."

தருண் எழுந்து வெளியே போனான். மினதி நாற்காலியிலேயே இருந்தாள். டாக்டர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இன்னொரு முறை அவளுக்கு ஒடியாவில் சொல்ல ஆரம்பித்தார். "புரிஞ்சுது," என்றாள் மினதி.

தேட நாள் இல்லை. கவிநயா சீக்கிரம் வற்றிப்போனாள். கண்கள் மறுபடியும் மஞ்சளாயின. ஒரு மதியம் மினதியைக் கூப்பிடச் சொன்னாள். நான் கூட்டி வந்தேன்.

"உன்ற கையில நான் இருக்கேனாமே?"

"ஆமா அக்கா."

"எடுத்துருவாங்களா?"

"நாளைக்கு."

கவிநயா அந்தக் கையைத் தொட்டாள். துண்டு இருந்த மேட்டின்மீது விரலை வைத்துக்கொண்டாள்.

"உன்ற கை ஏன்டி என்னைக் கைவிட்டுருச்சு?"

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பழி போட்டாள். மினதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவள் போன பிறகு கவிநயா என்னிடம் தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் பேசியதெல்லாம் வலியைப் பற்றித்தான்.

ஆவணியில் இறந்தாள். எரித்தோம்.

கருமாதி முடிந்த மாலை. பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வழக்கம்போலப் பால் டம்ளரோடு மினதியிடம் வந்தார். மினதி பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டினாள். அதில் ஒன்றும் விழவில்லை.

"மாத்திரை?"

"இனி வேண்டாங் கண்ணு," என்றார் அத்தை. அன்பாகத்தான் சொன்னார். அவள் தலையைத் தடவினார். "இனி நீ பெத்துக்கலாம். வீடு வெறிச்சுனு கெடக்குது பாரு."

மினதி டம்ளரை வாங்கித் தரையில் வைத்தாள். கவிநயா சொல்லிக் கொடுத்ததில் மிக மோசமான ஒன்றைச் சொன்னாள். தெளிவாக, எங்கள் ஊர்க்காரி போலவே சொன்னாள். பிறகு உள்ளே போய்த் துணிகளை எடுத்துவைத்தாள்.

தருண் ஸ்டேஷன்வரை பின்னாலேயே போனான். தனியாகத் திரும்பி வந்தான்.

"கூட ஏறப் பாத்தேன் மச்சான். ஏற விடல."

"என்ன சொன்னா?"

"'உங்க வீட்ட என் உடம்பு சொந்தம்னு நெனச்சுது. நான் நெனைக்கல'ன்னா."

ஐப்பசியில் ஒரு காலை மாமா என் வீட்டுக்கு வந்தார். வெகுகாலம் என்னை வாடா போடா என்றவர். கல்யாணத்துக்குப் பிறகு மரியாதையை விட்டதில்லை. சோபாவில் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கண்களைப் பார்த்தேன். எனக்கு அந்த நிறம் தெரியும்.

"எனக்கும் வந்துருச்சுங்க மாப்ள. சின்னதாத்தான் இருக்காம். கண்டுபுடிச்சது நல்ல நேரம்னு டாக்டரம்மா சொல்லுது."

"சரிங்க மாமா."

"தருணுக்கு இன்னொன்னு கட்டணும்னா மொதல்ல அத்து விடணும். அந்தப் புள்ள எங்க இருக்குன்னே தெரியல. கோர்ட்டுல வருசக்கணக்கா இழுக்கும்."

நான் காத்திருந்தேன்.

"நீங்க சின்ன வயசு. எத்தன நாளைக்கு இப்படியே இருப்பீங்க? என்ற அக்கா மகன் நீங்க. உங்களுக்குக் கட்டி வர்றவளும் நம்ம வீட்டுப் புள்ளதான். சட்டம் ஒத்துக்குது. வக்கீலக் கேட்டுட்டேன்."

செல்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். மஞ்சள் துப்பட்டா போட்ட ஒரு பெண் சுவரோரம் நின்றிருந்தாள். கேமராவை நேராகப் பார்த்திருந்தாள்.

"ஜார்க்கண்டு. தறிக் குடோன்ல மூட்டை தூக்குது. நல்ல தெம்பு."

நான் போனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுந்து கதவைத் திறந்து விட வேண்டும் என்றும் நினைத்தேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்காகன்னு மட்டும் நெனைக்காதீங்க மாப்ள. உங்க கையில துண்டு வெச்சப்பவே உங்க ரத்தத்தையும் சேத்துத்தான் சோதிச்சாங்க. நீங்க கேக்கவே இல்ல. நான் கேட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "நம்ம குடும்பத்துல ஓடற கோளாறு உங்களுக்கும் இருக்கு. இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு. அப்ப உங்களுக்கு ஒரு கை வேணும்ல?"

வெளியே யாரோ வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பாமல் அணைந்து அணைந்து போயிற்று. நான் மறுபடியும் போட்டோவைப் பார்த்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கினேன். முகத்தை அல்ல.

"இதுக்கு முன்னாடி வயித்துல ஏதாச்சும் தங்கியிருக்குங்களா மாமா?" என்று கேட்டேன்.

மாமா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இல்லீங்க மாப்ள. அதத்தான் மொதல்ல விசாரிச்சேன்."